கல்லுக்குள் கடலைக் கண்ட அல்-பிரூனி (ரஹ்)

அபூ ரைஹான் அல்-பிரூனி (ரஹ்) என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். ஒரு மலை உச்சியில் நின்று பூமியின் அளவைக் கணக்கிட்டவர் என்பது ஒன்று. இந்தியாவைப் பற்றிக் கிதாபுல் ஹிந்த் என்ற பெருநூலை எழுதியவர் என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்று உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பாலைவனத்துக் கற்களை உடைத்தால் உள்ளே கடல் சிப்பிகள் இருக்கின்றன என்பதைக் கவனித்து, அந்த நிலம் முன்பு கடலாக இருந்தது என்று சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் அவர்.

நம் பிள்ளைகள் பள்ளியில் புதைபடிவம், ஃபாசில் என்று படிக்கிறார்கள். இறந்த உயிரினம் மண்ணில் புதைந்து, நீண்ட காலத்தில் கல்லோடு கல்லாகிப் போவதையே அப்படிச் சொல்கிறோம். அந்தப் பாடத்தில் பெரும்பாலும் ஐரோப்பியர் பெயர்களே வருகின்றன. அவர்களின் உழைப்பை நாம் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. அதே வேளையில், சிறைபிடிக்கப்பட்டது போன்ற ஒரு வாழ்க்கையில் இருந்துகொண்டு, கிப்லாவின் திசையைக் கண்டறிவதற்காக எழுதிய ஒரு நூலில், கடல் சிப்பிகளுக்கு இடம் கொடுத்த ஒரு முஸ்லிம் அறிஞரின் வாழ்வை நம் குடும்பங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காத் நகரத்துப் பிள்ளை

ஹிஜ்ரி 362, துல்ஹஜ் மாதம் (கி.பி. 973 செப்டம்பர்) குவாரிஸ்ம் நாட்டின் காத் நகரத்தை ஒட்டிய பகுதியில் அவர் பிறந்தார். இன்று அது உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது; அந்த ஊருக்கே இப்போது அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரூன் என்றால் வெளிப்புறம் என்று பொருள். நகருக்கு வெளியே இருந்து வந்தவர் என்பதால் பிரூனி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அவருடைய தாய்மொழி குவாரிஸ்மி. அறிவியல் நூல்களை எழுதுவதற்கு அவர் தேர்ந்துகொண்ட மொழி அரபி. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித அறிஞர் அபூ நஸ்ர் மன்சூர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். பதின்ம வயதிலேயே சூரியனின் உயரத்தை அளந்து, தம் ஊர் பூமியில் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று கணக்கிட்டவர் பிரூனி.

கி.பி. 995-இல் அவருடைய வாழ்வு தலைகீழாக மாறியது. குவாரிஸ்மின் இன்னொரு பகுதியான குர்கஞ்சை ஆண்டவர் காத் நகரைக் கைப்பற்றினார். பழைய அரச குடும்பம் வீழ்ந்தது. அதனோடு நெருங்கியிருந்த 22 வயது பிரூனி ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ரய் நகரில் வறுமையில் காலம் கழித்தார். பிறகு சிறிது காலம் ஊர் திரும்பினார். 997 மே 24 அன்று சந்திர கிரகணம் நிகழ்ந்தது. காத் நகரில் பிரூனியும் பக்தாதில் அபுல் வஃபாவும் பேசி வைத்துக்கொண்டு அதைக் கவனித்தார்கள். ஒரே கிரகணத்தை இருவரும் எந்தெந்த நேரத்தில் கண்டார்கள் என்ற வேறுபாட்டிலிருந்து இரு நகரங்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாட்டைக் கணக்கிட்டார்கள். இதை நாம் மனதில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

காஸ்பியன் கடலின் தென்கிழக்கில் உள்ள ஜுர்ஜான் நாட்டை ஆண்ட காபூஸின் அவையில் அவருக்கு அடைக்கலம் கிடைத்தது. அங்கே சுமார் 27 வயதில், பல சமூகங்களின் நாட்காட்டிகளையும் பண்டிகைகளையும் ஒப்பிடும் அல்-ஆஸாருல் பாக்கியா என்ற நூலை எழுதினார். சில ஆண்டுகளுக்குப் பின் குவாரிஸ்ம் திரும்பி, குர்கஞ்ச் அரசவையில் ஆலோசகராக இருந்தார். ஜுர்ஜானுக்கும் குவாரிஸ்முக்கும் நடுவே பெரிய மணல் பாலைவனம் கிடக்கிறது. அதன் இரு முனைகளிலும் வாழ்ந்தவர் அவர். அந்தப் பாலைவனம் பின்னாளில் அவர் நூலில் இடம்பெற்றது.

கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டவர்

1017-இல் சுல்தான் மஹ்மூத் கஸ்னவி குவாரிஸ்மைக் கைப்பற்றினார். நம் பள்ளிப் பாடங்களில் கஜினி முகமது என்று வருபவர் இவரே. குவாரிஸ்மின் அறிஞர்கள் பலர் அவருடைய தலைநகரான கஸ்னிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பிரூனியும் அவருடைய ஆசிரியர் அபூ நஸ்ரும் இருந்தார்கள். 44 வயதில் சொந்த ஊரை இழந்த பிரூனி, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் கஸ்னி அரசைச் சார்ந்தே இருந்தார்.

அடுத்த ஆண்டு, 1018 அக்டோபரில், காபூலுக்கு அருகே ஜைஃபூர் என்ற சிற்றூரில் இருந்தார். அந்த இடத்தின் அட்சரேகையை அளக்க விரும்பினார். கையில் எந்தக் கருவியும் இல்லை. கணக்குப் போடும் பலகை ஒன்றைத் திருப்பி, அதன் பின்புறத்தில் வட்ட வில்லை வரைந்து, பாகை குறித்து, நூல்குண்டு கட்டி அதையே கருவியாக்கிச் சூரியனை அளந்தார். அன்று தாம் அனுபவித்த துன்பத்தை நபி நூஹ் (அலை), நபி லூத் (அலை) ஆகியோரின் சோதனைகளோடு சேர்த்து நினைத்து, அவர்களுக்குக் கிடைத்த இறையருளில் தமக்கும் பங்கு கிடைக்கும் என்று நம்புவதாக எழுதினார். துன்பத்தை எழுதிய அதே பக்கத்தில் அளவையும் எழுதி வைத்தார்.

அந்தப் பதிவு இடம்பெற்றிருக்கும் நூலின் பெயர் தஹ்தீது நிஹாயாத்தில் அமாக்கின். இடங்களின் எல்லைகளைத் துல்லியமாக வரையறுப்பது என்று அதற்குப் பொருள் சொல்லலாம். ஹிஜ்ரி 416-இல் (1025) அது நிறைவு பெற்றது. கஸ்னி நகரம் பூமியில் எங்கே இருக்கிறது என்று சரியாகக் கண்டறிந்து, அங்கிருந்து கிப்லா எந்தத் திசை என்று கணக்கிடுவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அதாவது, தொழுகைக்கு முகம் திருப்பும் திசையைக் கண்டறிய எழுதப்பட்ட நூல். கடல் சிப்பிகள் வருவது இந்த நூலில்தான்.

கிப்லா நூலில் கடல் சிப்பிகள்

கிப்லாவைப் பற்றிய நூலில் சிப்பிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஓர் இடத்தைப் பூமியில் குறிக்க முற்படுபவர், முதலில் அந்தப் பூமி எப்போதும் இப்படியே இருந்ததா என்று கேட்டாக வேண்டும். பிரூனி கேட்டார். நிலம் கடலாகவும் கடல் நிலமாகவும் மாறியிருக்கின்றன என்பது அவர் கண்ட பதில். மனிதர்கள் எழுதி வைத்த வரலாறு அவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது என்பதும் அவருக்குத் தெரியும். எழுத்து இல்லாத இடத்தில் எதைச் சாட்சியாக வைப்பது? கல்லையும் மண்ணையும் சாட்சிக்கு அழைத்தார்.

அரபு நாட்டுப் பாலைவனத்தை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். அங்கே கிணறுகளும் குளங்களும் தோண்டும்போது மண், மணல், கூழாங்கல் என்று அடுக்கடுக்காக வெளிப்படுகின்றன. யாரோ வேண்டுமென்றே புதைத்து வைத்திருக்க முடியாத ஆழத்தில் பானை ஓடும் கண்ணாடியும் எலும்பும் கிடைக்கின்றன. அங்கிருந்து எடுக்கப்படும் சில கற்களை உடைத்தால் சிப்பிகள், சோழிகள், மீன் செவிகள் என்று மக்கள் அழைத்த ஓடுகள் ஆகியவை உள்ளே இருக்கின்றன.

இதற்கு மேல் அவர் குறிப்பிட்ட ஒன்றுதான் நம்மை வியக்க வைக்கிறது. அந்தச் சிப்பிகளில் சில அப்படியே இருக்கின்றன. சில மக்கிப் போய், அவற்றின் வடிவத்தில் கல்லுக்குள் வெற்றிடம் மட்டும் எஞ்சியிருக்கிறது என்று அவர் பிரித்துச் சொல்கிறார். இன்று புதைபடிவங்களைச் சேகரிக்கத் தொடங்கும் மாணவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடங்களில் இது ஒன்று. உடலின் ஓடே மிஞ்சியிருப்பது ஒரு வகை. ஓடு கரைந்து போய் அச்சு மட்டும் மிஞ்சியிருப்பது இன்னொரு வகை. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால்தான், கல்லில் தெரியும் குழியைப் பார்த்து அங்கே என்ன இருந்தது என்று சொல்ல முடியும்.

ஜுர்ஜானுக்கும் குவாரிஸ்முக்கும் இடைப்பட்ட மணல் பாலைவனத்திலும் இதே மீன் செவிக் கற்கள் கிடைப்பதை அவர் எழுதுகிறார். அந்தப் பகுதி முன்பு ஓர் ஏரியைப் போல இருந்திருக்க வேண்டும் என்கிறார். ஜைஹூன் நதி, அதாவது இன்றைய ஆமு தர்யா, ஒரு காலத்தில் அந்தப் பக்கமாக ஓடிக் காஸ்பியன் கடலில் கலந்தது என்றும், பிறகு தடம் மாறியது என்றும் விளக்குகிறார். அகதியாக வெளியேறிய நாட்டையும் அடைக்கலம் தந்த நாட்டையும் பிரித்துக் கிடந்த வறண்ட மணலில், அவர் மறைந்துபோன தண்ணீரைக் கண்டார்.

இந்தச் சிப்பிகளை ஒரே நாளில் வந்த வெள்ளத்தின் மிச்சம் என்று அவர் விளக்கவில்லை. கடலும் ஆறும் நிலமும் மெல்ல மெல்ல இடம் மாறுவதன் தடயமாகவே எடுத்துக்கொண்டார். அவருடைய சமகாலத்தவரான இப்னு ஸீனா (ரஹ்) அவர்களும் கிதாபுஷ் ஷிஃபாவில், மலைக் கற்களில் நீர்வாழ் உயிரினங்களின் எச்சங்கள் காணப்படுவதைச் சொல்லி, அந்த நிலம் முன்பு நீருக்கடியில் இருந்ததற்கு அதை ஆதாரமாகக் காட்டினார். இவ்விருவரும் கடிதங்கள் வழியே கடுமையாக விவாதித்துக்கொண்டவர்கள். இருந்தாலும் கல் சொல்லும் சாட்சியில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

அல்லாஹ்வின் படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி அல்குர்ஆன் அழைக்கிறது. அந்த அழைப்பை ஏற்று நடந்தவர்கள் எதைக் கண்டார்கள் என்பதற்கு இந்தப் பக்கங்கள் ஒரு சான்று.

நந்தனா மலையும் அதன் அடியில் இருந்த கடலும்

பூமியை அளந்த நிகழ்ச்சியும் இதே காலத்தைச் சேர்ந்ததே. இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் உப்பு மலைத்தொடர் என்று ஒன்று இருக்கிறது. அங்கே நந்தனா என்ற கோட்டை. அதன் அருகில், பரந்த சமவெளியைப் பார்த்து நிற்கும் ஒரு மலையைப் பிரூனி தேர்ந்தெடுத்தார். முதலில் கீழே சமவெளியில் நின்று மலையின் உயரத்தைக் கணக்கிட்டார். சுமார் 652 முழம் என்று வந்தது. பிறகு உச்சிக்குச் சென்று, தொடுவானம் கிடைமட்டத்திலிருந்து எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. அவர் கண்டது 34 கலை. இந்த இரண்டு எண்களை வைத்தே பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார்.

அவருடைய கணக்கு 99 விழுக்காடு சரி என்று ஒரு செய்தி நம்மிடையே அடிக்கடி பகிரப்படுகிறது. அவர் பயன்படுத்திய முழம் இன்றைய அளவில் எவ்வளவு என்பதைப் பொறுத்து அந்த விழுக்காடு மாறும். காற்றில் ஒளி வளைவதால் தொடுவானக் கோணத்திலும் பிழை வரும். ஆகவே எண்ணைவிட முறையே பெரிது. அதைவிடப் பெரிது அவருடைய நேர்மை. கலீஃபா மஃமூன் (ரஹ்) காலத்து அறிஞர்கள் பாலைவனத்தில் நடந்து அளந்த அளவுக்குத் தம் விடை நெருங்கி வந்ததைக் கண்டதும், அவர்களுடைய கருவிகள் நுட்பமானவை என்று சொல்லி, தம் எண்ணைவிட அவர்களுடைய எண்ணையே அவர் ஏற்றுக்கொண்டார்.

இப்போது அந்த மலையின் கற்களுக்கு வருவோம். நம் ஊர்க் கடைகளில் இமாலய பிங்க் சால்ட் என்ற பெயரில் விற்கும் இளஞ்சிவப்பு உப்பைப் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயரில் வரும் உப்பு பெரும்பாலும் வெட்டியெடுக்கப்படுவது இதே உப்பு மலைத்தொடரில், கேவ்ரா சுரங்கத்தில். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட ஒரு கடல் வற்றி விட்டுச் சென்ற உப்பு அது. அதற்கு மேல் அடுக்கடுக்காகக் கிடக்கும் பாறைகளில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், புவியியலாளர்கள் டிரைலோபைட் என்ற உயிரினத்தின் புதைபடிவங்களைக் கண்டெடுத்தார்கள்.

டிரைலோபைட் என்றால் மூன்று மடல் கொண்டது என்று பொருள். நண்டையும் இறாலையும் போலக் கணுக்களால் ஆன உடலும் கெட்டியான ஓடும் கொண்ட கடல் உயிரினம். முதுகில் நீளவாக்கில் நடுவில் ஒரு மடலும் இரு பக்கமும் இரண்டு மடல்களும் தெரியும். குறுக்கே பார்த்தால் தலை, நடு உடல், வால் என மூன்று பகுதி. சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் முற்றிலும் அழிந்து போயிற்று. நண்டு ஓடு கழற்றுவதுபோல இதுவும் வளர வளர ஓட்டைக் கழற்றியது. ஆகவே ஒரே உயிர் பல புதைபடிவங்களை விட்டுச் சென்றிருக்கலாம். இதுவரை 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

இனங்களைப் பிரித்தறிவது எப்படி? கண்ணின் வடிவம், தலையில் உள்ள கோடுகள், நடு உடலில் எத்தனை கணுக்கள், வால் பெரிதா சிறிதா, முள் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எண்ண வேண்டும். உப்பு மலைத்தொடரில் கிடைத்த ஒரு வகையை 1899-இல் ரெட்லிக் என்ற அறிஞர் விவரித்தார். இன்று அந்தப் பேரினமே அவர் பெயரால் ரெட்லிக்கியா என்று அழைக்கப்படுகிறது. பிறை வடிவில் நீண்ட கண்களும் மிகச் சிறிய வாலும் அதன் அடையாளம். இதே ரெட்லிக்கியா சீனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறது. அது கிடைக்கும் பாறை எந்த நாட்டில் இருந்தாலும், அது ஏறத்தாழ ஒரே காலத்தைச் சேர்ந்தது என்று புவியியலாளர்கள் முடிவு செய்கிறார்கள்.

காத் நகரையும் பக்தாதையும் ஒரே கிரகணத்தைக் கொண்டு பிரூனி இணைத்ததை மேலே பார்த்தோம். தொலைவில் உள்ள இரண்டு இடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட, இரு இடத்திலும் தெரியும் பொதுவான ஓர் அடையாளம் வேண்டும். அவருக்கு அது கிரகணம். இவர்களுக்கு அது டிரைலோபைட்.

நந்தனா மலையின் அடிவாரத்தில் பாகன்வாலா என்றொரு கிராமம் இருக்கிறது. அதன் பெயரையே அங்குள்ள பழைய பாறை அடுக்கு ஒன்றுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அடுக்கில் கன சதுர வடிவ அச்சுகள் காணப்படுகின்றன. ஆழமற்ற கடல் வற்றியபோது உருவான உப்புப் படிகங்கள் கரைந்து போய், அவற்றின் வடிவம் மட்டும் சேற்றில் தங்கிக் கல்லானது. பொருள் போய் வடிவம் மட்டும் எஞ்சும் என்று பிரூனி சிப்பியில் கண்ட அதே உண்மை, அவர் ஏறி நின்று தொடுவானத்தை அளந்த மலைப் பகுதியிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை அறிஞர்கள் வாசித்தது எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான்.

சோதிக்காமல் பெயர் வைக்காதவர்

ஒரு கல் கையில் கிடைத்தால் அது என்ன என்று உறுதி செய்வது எளிதல்ல. பிரூனி பிற்காலத்தில் எழுதிய கிதாபுல் ஜமாஹிர், மாணிக்கங்களையும் உலோகங்களையும் பற்றிய நூல். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல் இருக்க, ஒவ்வொரு பொருளும் தன் பருமனுக்கு எவ்வளவு எடை என்று அளக்க அவர் ஒரு பாத்திரம் செய்தார். அதில் நீரை நிரப்பிக் கல்லைப் போட்டால், கல்லின் பருமன் அளவு நீர் ஒரு குழாய் வழியே வெளியேறும். அந்த நீரின் எடையையும் கல்லின் எடையையும் ஒப்பிட்டார். சிவப்பாகத் தெரியும் எல்லாக் கல்லும் மாணிக்கம் அல்ல என்பதை இப்படித் தராசில் வைத்து நிறுவலாம்.

மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் குருடாகிவிடும் என்று அக்காலத்தில் பலரும் நம்பினார்கள், நூல்களிலும் எழுதியிருந்தார்கள். பிரூனி ஒரு பாம்புக்கு மரகத மாலை அணிவித்தார். அதன் கூடையில் மரகதத்தைப் பரப்பினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதம் சோதித்தார். பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி அந்த நம்பிக்கையை முடித்து வைத்தார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை, சோதித்துப் பார்த்தார்.

இந்தியாவைப் பற்றிய நூலிலும் இதே கண் வேலை செய்தது. மலைக்கு அருகில் ஆற்றுக் கற்கள் பெரிதாக இருக்கின்றன. மலையை விட்டு விலக விலகச் சிறிதாகின்றன. ஆறு மெதுவாக ஓடும் இடத்திலும் கடலை நெருங்கும் இடத்திலும் மணலாகிவிடுகின்றன. இதைக் கண்டு, வட இந்தியச் சமவெளி முன்பு கடலாக இருந்து, ஆறுகள் கொண்டு வந்த வண்டலால் நிரம்பியது என்றார். மலையடிவாரப் பள்ளத்தை ஆறுகளே வண்டலால் நிரப்பின என்று இன்றைய புவியியலும் சொல்கிறது. கடலைப் பற்றிய பகுதியில் மட்டும் விளக்கம் சற்று மாறியிருக்கிறது. கூழாங்கல்லின் அளவைக் கொண்டு ஆற்றின் வேகத்தை வாசித்த அவருடைய முறை இன்றும் கைவிடப்படவில்லை.

அந்த நூலுக்காக அவர் சமஸ்கிருதம் கற்றார். மாற்று மதத்தவரின் நம்பிக்கைகளை அவர்கள் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். மஹ்மூதின் படையெடுப்புகள் இந்த நாட்டின் செழிப்பை அழித்தன என்றும், அதனால் இங்குள்ள அறிஞர்கள் தொலைவுக்குச் சென்றுவிட்டார்கள் என்றும் எழுதினார். சுல்தானின் அரசில் வாழ்ந்துகொண்டே சுல்தானைப் பற்றிய இந்த உண்மையையும் அவர் மறைக்கவில்லை.

கடைசி மூச்சுவரை

மஹ்மூதுக்குப் பின் வந்த சுல்தான் மஸ்ஊத் அவரை மதித்தார். வானியல் பெருநூலான அல்-கானூனுல் மஸ்ஊதியை அந்தச் சுல்தான் பெயரில் பிரூனி எழுதினார். அதற்குப் பரிசாக ஒரு யானை சுமக்கும் அளவு வெள்ளி அனுப்பப்பட்டதாகவும், தமக்குத் தேவையில்லை என்று அதை அவர் திருப்பி அனுப்பியதாகவும் வரலாற்றாசிரியர் யாகூத் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்.

கண்பார்வை மங்கிய முதுமையில் மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றிக் கிதாபுஸ் ஸைதனா என்ற நூலை எழுதினார். ஒரே மூலிகைக்குப் பல மொழிகளில் வழங்கும் பெயர்களைச் சேர்த்து, எது எது என்று அடையாளம் காட்டும் பணி அது. வாழ்நாள் முழுவதும் செய்த வேலையின் தொடர்ச்சி.

அவருடைய மரணப் படுக்கை பற்றியும் யாகூத் ஒரு செய்தி தருகிறார். பார்க்க வந்த மார்க்கச் சட்ட அறிஞரிடம், வாரிசுரிமையில் பாட்டிமார்களின் பங்கு பற்றி முன்பு பேசிய ஒரு கணக்கைப் பிரூனி கேட்டார். இந்த நிலையிலுமா என்று வந்தவர் இரங்கினார். அதை அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்துகொண்டு போவது நல்லதல்லவா என்ற பொருளில் பிரூனி பதில் சொன்னார். அறிஞர் விளக்கினார், அவர் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டார். வந்தவர் வெளியேறி வழியில் நடக்கும்போதே வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. ஹிஜ்ரி 440 (1048) வாக்கில் கஸ்னியில் அவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒரே ஒரு பிரதி

அவர் எழுதியவை சுமார் 146 நூல்கள் என்று கணக்கிடப்படுகிறது. இன்று கிடைப்பவை அவற்றில் ஏறத்தாழ 22 மட்டுமே. சிப்பிகளைப் பற்றிப் பேசும் தஹ்தீத் நூலுக்கு இஸ்தான்பூலில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதிதான் எஞ்சியது. ஹிஜ்ரி 416 என்று தேதியிட்ட அந்தப் பிரதி, அவருடைய கையாலேயே எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அது முழுமையாக அச்சேறியது 1962-இல்தான்.

இதில் நமக்கு ஒரு வலி இருக்கிறது. பாலைவனக் கல்லில் கடலைக் கண்ட பக்கங்கள் நம்மிடமே இருந்தன. அதை மாணவர்கள் பிரதி எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போய் இன்னும் நூறு கற்களை உடைத்துப் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் கண்டுபிடிப்பு அறிவுத் துறையாக வளர, அடுத்து வருபவர்கள் அதே வேலையைத் தொடர வேண்டும். அது ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டுக்குப் பின் நடந்தது. நாமே முதலில் சொன்னோம் என்று பெருமை பேசுவதோடு நின்றுவிட்டால், பிரூனியின் நூலை மீண்டும் அதே அலமாரியில் பூட்டி வைப்பதாகவே ஆகும்.

தமிழ்நாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. அரியலூர், பெரம்பலூர் பகுதிகளில் கடல் புதைபடிவங்கள் ஏராளம். சுருள் வடிவ அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கின்றன. டிரைலோபைட் அங்கே கிடைக்காது. அவை அழிந்து நெடுங்காலத்துக்குப் பின், டைனோசர் காலத்தில் உள்ளே வந்த கடல் அது. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போன பெருமரம் பாதுகாக்கப்படுகிறது. விடுமுறையில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் எதையும் பெயர்த்தெடுக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம்.

பிள்ளை ஒரு கல்லை எடுத்து வந்து காட்டினால், தூக்கி எறியச் சொல்லாதீர்கள். எங்கே எடுத்தாய், எந்த நாள், மேலே கிடந்ததா மண்ணுக்குள் இருந்ததா, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அந்தக் கல்லோடு வைக்கச் சொல்லுங்கள். எடுத்த இடம் தெரியாத புதைபடிவம் அழகுப் பொருளாகலாம், சாட்சியாகாது. கையில் கருவி இல்லாத நாளிலும் பலகையைத் திருப்பி அளவெடுத்து, நாளையும் ஊரையும் மறக்காமல் எழுதி வைத்தவர் பிரூனி. அதனால்தான் ஜைஃபூர் என்ற சிற்றூரில் அவர் என்ன செய்தார் என்பதை ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது.

அல்லாஹ் அவர்களின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, நம் பிள்ளைகளில் அதைத் தொடரும் கண்களைத் தருவானாக. ஆமீன்.